இனயத்திலிருந்து ரோம் வரை: ஒரு எஸ்டிமேட்



ஐரோப்பா என்றதும் நமக்கு நினைவு வருவது என்ன? சினிமாப் பாட்டில் கதாநாயகன் பனிமலையில் ஓடி வருவான். கதாநாயகி சேலையோடு குளிரில் நடுங்காமல் ஆடுவாள். அதெல்லாம் காசுள்ளவன் பாடு, நமக்கென்ன என்று இருந்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். 2025 ஜனவரியில் ஒரு ராத்திரி அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப் கால் வந்தது.

"லே மக்கா, நீ எஸ்டிமேட்டிங் படிக்கியேல்ல? எங்களுக்கு ஒரு எஸ்டிமேட் போட்டுத் தா."

வீடு கட்டப் போகிறான் போல என்று நினைத்தேன். விஷயம் அதுவல்ல. அண்ணனும் மைனியும் மார்ச் மாத விடுமுறையில் சேர்ந்து ஐரோப்பாவில் நாலு ஊர் பார்க்கப் போகிறார்களாம். கையில் இருப்பது 1,200 யூரோ. இரண்டு பேருக்கும் சேர்த்து, போக்குவரத்து, தங்கல், சாப்பாடு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். அன்றைய மதிப்பில் அது ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலே.

கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். எங்கள் வீடு இனயத்தில், கடற்கரையை ஒட்டி. அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அண்ணன் 2023-ல் மேற்படிப்புக்காக ஜெர்மனியில் செம்னிட்ஸ் என்ற ஊருக்குப் போனான். ஜெர்மனியில் படிக்க விசா வேண்டுமானால் ஒரு வருடச் செலவுக்கான பணத்தை அங்கே முடக்கி வைக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அப்போது அது 11,208 யூரோ. 2024 செப்டம்பரிலிருந்து 11,904. நம் காசில் பத்து, பதினோரு லட்சம். அந்தப் பணம் எப்படி வந்தது என்று நான் சொல்ல வேண்டாம். அம்மாவின் கழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

2024 ஜனவரியில் லீவில் வந்தபோது கல்யாணம். பதினைந்தாம் நாள் அவன் விமானம் ஏறினான். அந்த வருடக் கடைசியில் மைனிக்கும் இடம் கிடைத்தது, டிரெஸ்டனில். செம்னிட்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ஆளுக்கொரு ஒற்றை அறை, ஆளுக்கொரு பாடத்திட்டம், சனி ஞாயிறுகளில் பகுதி நேர வேலை. ஒரே நாட்டில் இருந்தும் ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் போலத்தான் குடித்தனம்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அடுப்படியிலிருந்தே சத்தம் வந்தது. "கடன் கழுத்து முட்டக் கெடக்கு. ஊர் சுத்தவா பிள்ளையளப் படிக்க அனுப்பினோம்?"

அப்பா வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணம் கழிஞ்சு ரெண்டு பேரும் சேந்தாப்பில பத்து நாள் இருந்ததே இல்ல. கடன் இண்ணும் இருக்கும், நாளையும் இருக்கும். போயிட்டு வரட்டும். ஆனா கடன் காசில போவப்பிடாது."

அதுவே எங்கள் எஸ்டிமேட்டின் முதல் நிபந்தனை ஆனது. வேலை செய்து சேர்த்த காசு மட்டும். ஜெர்மனியில் மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்று 2024 மார்ச்சிலிருந்து சட்டம். 2025-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. கணக்குப் போட்டேன். 1,200 யூரோ என்றால் ஏறக்குறைய 94 மணி நேர உழைப்பு. அதற்குப் பிறகு எந்த விலையைப் பார்த்தாலும் யூரோவில் பார்க்கவில்லை, மணிக்கணக்கில்தான் பார்த்தோம். நண்பர்களே, இந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன் உண்டு.

இனி வேலைக்கு வருவோம்.

1. முதலில் அனுமதி, பிறகுதான் அழகு

படம் பார்த்து ஊரைத் தேர்வு செய்யாதீர்கள். முதலில் எந்தெந்த நாட்டுக்குள் நம்மை விடுவார்கள் என்று பாருங்கள். ஐரோப்பாவில் 29 நாடுகள் சேர்ந்து ஷெங்கன் என்றொரு வட்டம். 2025 ஜனவரி 1 முதல் ருமேனியாவும் பல்கேரியாவும் முழுதாகச் சேர்ந்து இந்தக் கணக்கு வந்தது. ஒரு விசாவில் இந்த வட்டத்துக்குள் சுற்றலாம். இங்கிலாந்தும் அயர்லாந்தும் வட்டத்துக்கு வெளியே. லண்டனையும் பாரிசையும் ஒரே விசாவில் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பாதி வழியில் நிற்பார்கள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய யூனியனில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு.

அண்ணனைப் போல் ஒரு ஷெங்கன் நாட்டில் படிக்கும் அனுமதி அட்டை வைத்திருப்பவர்கள் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம், தனி விசா வேண்டாம். அட்டையும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். இரண்டும் பயணம் முடியும்வரை செல்லுபடியாக வேண்டும். மைனியின் அட்டை காலாவதி ஆகும் தேதியைப் பார்த்த பிறகுதான் நாங்கள் மற்ற எதையும் பார்த்தோம்.

நம் ஊரிலிருந்தே நேரடியாகப் போகிறவர்களுக்குக் குறுகிய கால விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசி 15 நாளுக்குள் தள்ளிப்போடக் கூடாது. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கிடைக்குமுன் பணம் திரும்பாத டிக்கெட்டை எடுத்துவிட்டுப் பிறகு மெழுகுதிரி ஏற்றிப் பிரயோசனம் இல்லை.

2. ஏழு ஊரை நாலாக்கிய கதை

அண்ணன் முதலில் அனுப்பிய பட்டியலைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், பார்சிலோனா, ரோம், வெனிஸ், வியன்னா, பிராக். பத்து நாளில் ஏழு ஊர்!

நம் சர்வே பாடத்தில் குளோஸ்டு டிராவர்ஸ் படித்திருக்கிறோம் அல்லவா? புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து மூடும் பாதை. அதைத்தான் வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். டிரெஸ்டனில் தொடங்கி தெற்கே இறங்கினால் பிராக், வியன்னா, வெனிஸ், ரோம் எல்லாம் ஒரே சரிவில் வருகின்றன. பாரிசும் பார்சிலோனாவும் மேற்கே வெகுதூரம் விலகி நிற்கின்றன. அவற்றைச் சேர்த்தால் பாதை குறுக்கும் நெடுக்குமாகப் போகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாறுவது என்றால் அறையைக் காலி செய்து, ஸ்டேஷனுக்குப் போய், வண்டி ஏறி, இறங்கி, புது அறையைத் தேடி, பையை வைப்பதற்குள் குறைந்தது அரை நாள் போய்விடும். ஏழு ஊர் என்றால் மூன்றரை நாள் வழியிலேயே கழியும். பத்தில் மூன்றரை! அந்த நாளுக்கும் சாப்பாட்டுச் செலவு உண்டு, அறை வாடகை உண்டு, காட்சி மட்டும் இல்லை. ஆகவே ஒரு ஊரைக் குறைப்பது டிக்கெட் காசை மிச்சப்படுத்துவதோடு அரை நாளையும் திருப்பித் தருகிறது.

பாரிசை வெட்டியபோது அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு மைனிதான் சமாதானம் சொன்னார்: "பாரிஸ் எங்கயும் ஓடிப் போவாது. நமக்கு மூணு வருஷம் கிடக்கு."

இறுதிப் பாதை இது. பிராக்கில் 2 ராத்திரி, வியன்னாவில் 2, ரயிலில் 1, வெனிசில் 1, ரோமில் 3. ஒன்பது ராத்திரி, பத்து நாள். மார்ச் 10 திங்கட்கிழமை புறப்பாடு, 19 புதன்கிழமை திரும்புதல். கோடை காலத்தைத் தவிர்த்தது வேண்டுமென்றே. ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பியர்களுக்கே விடுமுறை; அறை வாடகை எகிறிவிடும்.

3. எந்த வண்டி?

ரயில் பாஸ் என்று ஒன்று உண்டு. ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து போகிறவர்களுக்கு யூரெயில். 27 வயது வரை சலுகை உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் வேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். தினமும் ரயில் ஏறுகிறவனுக்கு பாஸ் லாபம். பத்து நாளில் நாலு தடவை ஏறுகிறவனுக்கு முன்கூட்டியே எடுத்த தனி டிக்கெட்தான் லாபம். எங்களுக்கு இரண்டாவது வழி.

அங்கே பல டிக்கெட்டுகளின் விலை நம் ஊர் ரயில் போல் ஒரே விலை அல்ல. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு விலை, முந்திய நாள் மூன்று மடங்கு. பஸ்ஸும் அப்படியே. ஆகையால் தேதி முடிவானதும் எடுத்துவிட வேண்டும். எடுக்குமுன் மாற்ற முடியுமா, ரத்து செய்தால் காசு வருமா என்று பொடி எழுத்தைப் படிக்க வேண்டும்.

மலிவு விமானம் என்றதும் மயங்காதீர்கள். அதில் இரண்டு பொறிகள். ஒன்று, விமான நிலையம் ஊருக்குள் இருக்காது. பாரிஸ் என்று எழுதி போவே என்ற இடத்தில் இறக்குவார்கள். பாரிசிலிருந்து 85 கிலோமீட்டர். ஃபிராங்ஃபர்ட் என்று எழுதி ஹான் என்ற இடத்தில். அது 120 கிலோமீட்டர். நாகர்கோவில் என்று டிக்கெட் எடுத்தவனைத் திருநெல்வேலி தாண்டி இறக்கிவிட்ட மாதிரி. இரண்டாவது பொறி பை. அதைப் பிறகு சொல்கிறேன், அதில் நாங்களே விழுந்தோம்.

வியன்னாவிலிருந்து வெனிசுக்கு ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் என்ற ராத்திரி வண்டி. ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம், பகலும் மிச்சம். நான் எஸ்டிமேட்டில் உட்கார்ந்து போகும் சீட்டுதான் போட்டிருந்தேன். மைனி ஒத்துக்கொள்ளவில்லை. "ராத்திரி முழுக்க உக்காந்துட்டு மறுநாள் தூங்கி வழிஞ்சா வெனிஸ் பாத்தா என்ன, பாக்காட்டா என்ன?" என்றார். நியாயம். படுக்கைக்கு 34 யூரோ கூடுதல். மலிவான பஸ்ஸில் 21 யூரோவை மீட்டோம். மிச்சம் பிடிப்பதற்கும் ஒரு எல்லை உண்டு என்று அன்று படித்துக்கொண்டேன்.

4. தங்கலும் சாப்பாடும்

ஜோடியாகப் போகிறவர்களுக்கு ஒரு முக்கிய விஷயம். ஹாஸ்டல் என்றால் மலிவு என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஒற்றை ஆளுக்குச் சரி. பத்துப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில் 30 யூரோ என்றால் இரண்டு பேருக்கு 60. அதே 60-க்கு ஊரின் ஓரத்தில், டிராம் பாதைக்கு அருகில், கதவைச் சாத்திக்கொள்ள ஒரு தனி அறை பெரும்பாலும் கிடைக்கும். கட்டிலுக்குக் காசு பார்க்காமல் இரண்டு பேருக்கு என்ன ஆகும் என்று பாருங்கள்.

வெனிசில் தீவுக்குள் தங்கினால் பர்ஸ் காலி. பாலத்துக்கு இந்தப் பக்கம் மெஸ்த்ரே என்ற ஊர் இருக்கிறது, ரயிலில் பத்து நிமிடம். அங்கே எடுத்தோம். இத்தாலியில் அறை வாடகைக்கு மேலே நகர வரி என்று ஆளுக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள். இதற்கு நான் 30 யூரோ ஒதுக்கினேன், 41 ஆகிவிட்டது. புக் செய்யும்போது திரையில் தெரியும் விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

சாப்பாட்டில்தான் மாணவன் பிழைப்பான். சமையலறை உள்ள இடமாகத் தேடினோம். காலையில் ரொட்டி, முட்டை. மத்தியானத்துக்கு அதையே கட்டிக்கொண்டு போவது. ராத்திரி சூப்பர்மார்க்கெட்டில் அரிசியும் காய்கறியும் வாங்கிச் சமைப்பது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைப்பு, சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். இத்தாலியில் காபியைக் கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் இன்னொரு விலை. பல ஹோட்டல்களில் மேஜையில் உட்கார்ந்ததற்கே ஒரு தொகை பில்லில் வரும். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். ரோமில் தெருத் தெருவாகக் குழாய் ஓயாமல் ஓடுகிறது, நல்ல குடிநீர். ஒரு பாட்டில் போதும்.

நம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. இந்தியாவிலிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டு போகக் கூடாது. அம்மா உருக்கித் தரும் நெய்கூடக் கூடாது. ஆனால் சொந்த உபயோகத்துக்கு மீன் 20 கிலோ வரை கொண்டு போகலாம், கருவாடு உட்பட! மைனி போகும்போது அம்மா கட்டிக் கொடுத்த நெத்திலிக் கருவாடு டிரெஸ்டன் வரை போயிற்று. ஆனால் பயணத்தில் கொண்டு போகவில்லை. பொது சமையலறையில் அதை வறுத்தால் தீயணைப்பு வண்டி வரும் என்று அண்ணன் பயந்தான்.

காசு மாற்றுவதிலும் கவனம் வேண்டும். செக் நாட்டில் யூரோ இல்லை, கொருனா. ஏ.டி.எம்.மிலும் கடை மெஷினிலும் "யூரோவில் கழிக்கவா, உள்ளூர் பணத்தில் கழிக்கவா" என்று கேட்கும். யூரோதான் நமக்குத் தெரிந்தது என்று அதை அமுக்கினால் மெஷின்காரன் வைத்த மாற்று விலைதான் நமக்கு. எப்போதும் உள்ளூர் பணத்தையே அமுக்குங்கள்.

மாணவர் சலுகையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயது வரை 2 யூரோ டிக்கெட் என்று போட்டிருப்பது ஐரோப்பிய யூனியன் குடிமக்களுக்கு. அங்கே குடியிருக்கும் நமக்கு இல்லை. ஆனால் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் அந்த வயதில் ஐரோப்பாவில் குடியிருந்தாலே இலவசம். வாசலில் போய் வாதாடுவதைவிட வீட்டிலேயே வாசித்துவிடுவது மேல்.

5. ஆளுக்கொன்று

இதுவரை சொன்னதை எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். இனிச் சொல்வதுதான் நான் உண்மையில் கற்றுக்கொண்டது.

எஸ்டிமேட்டை எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்தில் அண்ணனும் மைனியும் சண்டை! காரணம் கொண்டோலா. வெனிசில் அந்தக் கறுப்பு வள்ளத்தில் ஏறி வாய்க்காலில் போக வேண்டும் என்று மைனிக்கு ஆசை. நகரசபை வைத்த விலை அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. அண்ணன் சீறினான். "வள்ளத்தில பொறந்து வள்ளத்தில வளந்தவனுக்கு, வள்ளத்தில ஏற 90 யூரோவா? ஏழு மணி நேரம் பெட்டி அடுக்கணும்!" கணக்கு சரிதான். 90-ஐ 12.82-ஆல் வகுத்தால் ஏழு. ஆனால் அதே அண்ணன் கொலோசியத்துக்கும் இன்னும் மூன்று இடத்துக்கும் டிக்கெட் எழுதி வைத்திருந்தான். "ஒங்க ஆசைன்னா படிப்பு, எங்க ஆசைன்னா ஊதாரித்தனமா?" என்று மைனி கேட்டார். அதுவும் சரிதான்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "வள்ளத்துக்குப் போவியதுக்கு முன்னேயே பங்கு பேசணும். கரை வந்து பேசினா அடிதான்."

எங்கள் கடற்கரையில் அதுதான் முறை. மீன் விற்ற காசில் முதலில் மண்ணெண்ணெய், ஐஸ், சாப்பாடு என்று பொதுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தைத்தான் பங்கு வைப்பார்கள். யாருக்கு எவ்வளவு என்பது முன்கூட்டியே பேசி வைத்தது. அதையே எஸ்டிமேட்டில் கொண்டு வந்தேன். பயணம், தங்கல், வரி, சாப்பாடு, டிராம் எல்லாம் பொதுச் செலவு. மிச்சத்தில் 90 யூரோவைத் தனியாக ஒதுக்கினேன். அதில் ஆளுக்கு 45. அவரவர் பங்கில் அவரவர் என்ன செய்தாலும் மற்றவர் கேள்வி கேட்கக் கூடாது. அது போக ஆளுக்கொரு விருப்பத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் அதை வெட்டக் கூடாது.

மைனி எழுதியது: "வெனிசில் துடுப்பு போட்டு ஓட்டும் வள்ளம்." கொண்டோலா என்று எழுதவில்லை. விசாரித்தோம். பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்க டிராகெட்டோ என்று அதே மாதிரி வள்ளம் இருக்கிறது. நம் ஊர் கடத்து போல. இரண்டு பேர் துடுப்பு போடுவார்கள், பயணிகள் நின்றுகொண்டே போகலாம். ஆளுக்கு 2 யூரோ! அந்த வீடியோ எங்கள் வீட்டில் ஐம்பது தடவையாவது ஓடியிருக்கும். எல்லாரும் தடுமாறி நிற்க, மைனி ஒருத்தர் மட்டும் ஆடாமல் நிற்கிறார். கடற்கரைப் பெண் அல்லவா!

அண்ணன் எழுதியது: "பாந்தியன்." ரோமில் ஏறக்குறைய 1,900 வருடமாக நிற்கும் கட்டிடம். கம்பி இல்லாத கான்கிரீட் கூரைக்குடை, விட்டம் 43 மீட்டருக்கு மேலே. இன்றைக்கும் கம்பியில்லாக் கான்கிரீட்டில் உலகத்திலேயே பெரியது அதுதான். மேலே போகப் போக இலேசான கல்லைக் கலந்து எடையைக் குறைத்திருக்கிறார்கள். உச்சியில் வட்டமாகத் திறந்தே விட்டிருக்கிறார்கள். 2023-ல் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். மெக்கானிக்கல் படித்தவன் அங்கிருந்து சிவில் படிக்கும் எனக்கு போன் போட்டு, "லே, கம்பி இல்லாம எப்பிடிடே நிக்குது?" என்று கேட்டான். அன்று நான்தான் வாத்தியார்.

மூன்றாவது விருப்பம் அம்மாவுடையது. முதலில் திட்டிய அதே அம்மா, ரோம் என்றதும் மெதுவாகக் கேட்டாள்: "ராயப்பர் கோவிலுக்குப் போவியளா?" புனித பேதுரு பேராலயத்தில் நுழைய டிக்கெட் இல்லை, சோதனை வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். 1752-ல் காற்றாடிமலையில் சுடப்பட்ட நம் நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுத்தது அந்தக் கோவில் முற்றத்தில்தான். 2025 யூபிலி ஆண்டு என்பதால் புனிதக் கதவும் திறந்திருந்தது. அப்போது பாப்பரசர் பிரான்சிஸ் மருத்துவமனையில் இருந்தார். முற்றத்தில் நின்று வீடியோ காலில் அண்ணன் காட்டியபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கும்பிட்டாள். கடனைப் பற்றி அன்றைக்குப் பேச்சே இல்லை.

6. கணக்கு முடிப்பு

எஸ்டிமேட் (இரண்டு பேருக்கு, யூரோவில்): போக்குவரத்து 290, தங்கல் 470, நகர வரி 30, சாப்பாடு 180, ஊருக்குள் டிராம், பஸ் 60, ஆளுக்கொரு பங்கு 90. மொத்தம் 1,120. நம் பாடத்தில் எதிர்பாராச் செலவுக்கு 3 முதல் 5 சதவீதம் சேர்க்கச் சொல்வார்கள் அல்லவா? 5 சதவீதம், 56. ஆக 1,176.

நடந்தது: போக்குவரத்து 303, தங்கல் 462, வரி 41, சாப்பாடு 171, டிராம் 52, பங்கு 74, எதிர்பாராதது 60. மொத்தம் 1,163.

அந்த 60 என்ன? அதுதான் பை. ரோமிலிருந்து பெர்லினுக்கு ஒரு மலிவு விமானம். சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்னப் பை மட்டுமே இலவசம். மைனி அம்மாவுக்கென்று ஒரு மாதா சொரூபம் வாங்கித் துணியில் சுற்றி வைத்ததில் பை உப்பிவிட்டது. வாசலில் இருக்கும் அளவுப் பெட்டிக்குள் இறங்கவில்லை. கெஞ்சியும் பிரயோசனம் இல்லை. 60 யூரோ கட்டு! சொரூபத்தின் விலை 12. அதை வீட்டுக்குக் கொண்டு வர அறுபது. முன்னாடியே இணையத்தில் பைக்குப் பணம் கட்டியிருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது. தப்பு என்னுடையது, திரும்பும்போது பை பெருக்கும் என்பதை எஸ்டிமேட்டில் நான் யோசிக்கவே இல்லை. ஆனாலும் அந்த 5 சதவீதம் இல்லாமல் இருந்திருந்தால் விமான நிலையத்தில் வைத்து மறுபடியும் சண்டை வந்திருக்கும். வரவில்லை. "எதிர்பாராதது என்று எழுதியிருக்கே, அதான் இது" என்று சொல்லி மைனி சிரித்தாராம்.

பெர்லினிலிருந்து செம்னிட்ஸ் வரை சாதாரண ரயில். மாணவர் டிக்கெட்டிலேயே போகலாம், கூடுதல் காசு இல்லை. வீடு சேர்ந்தபோது கையில் 37 யூரோ மிச்சம். அதை என்ன செய்தார்கள் தெரியுமா? "பாரிஸ்" என்று எழுதி ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நண்பர்களே! நம்மில் எத்தனை பேர் ஐரோப்பா போவோமோ தெரியாது. ஆனால் இறுதியாண்டில் எல்லாரும் தொழிற்சாலைப் பார்வைக்குச் சுற்றுலா போகிறோம். அங்கேயும் இதே கதைதான். ஐந்து நாளில் எட்டு ஊர் என்று பட்டியல் போடுகிறோம். பஸ்ஸிலேயே தூங்கிப் பஸ்ஸிலேயே விழிக்கிறோம். கடைசி நாள் காசு போதாமல் பொருளாளரோடு சண்டை போட்டு, ஊர் திரும்பி ஒரு மாதம் பேசாமல் இருக்கிறோம். அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். ஊரைக் குறையுங்கள். பாதையை மூடுங்கள். பொதுச் செலவை முதலில் கழியுங்கள். எதிர்பாராததற்கு 5 சதவீதம் வையுங்கள். ஆளுக்கொரு விருப்பத்தை, புறப்படுமுன், எழுதி வாங்குங்கள்.

நான் போட்டது விலைகளின் எஸ்டிமேட் என்றுதான் முதலில் நினைத்தேன். சொரூபம் இப்போது எங்கள் வீட்டு வரவேற்பறையில், டி.வி.க்கு மேலே இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றுகிறது: காசு குறைவாக இருந்த அந்த இரண்டு பேரும், எதற்குச் செலவழிப்பது என்று உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சுதான் முதல் பயணம். ரோம் அதற்குப் பிறகு வந்தது.

வாழ்த்துகளுடன்,
இனயத்துக்காரன்
கட்டிடவியல், இறுதியாண்டு